ரோலர் கோஸ்டர் டைகூன்: கஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது?

நிறைய கேம்கள் தொடங்கும்போதே ஈஸியா, மீடியமா, ஹார்டா என்று கேட்டுவிடும். ரோலர் கோஸ்டர் டைகூன் கேட்காது. கிறிஸ் சாயர் உருவாக்கி 1999-ல் வந்த இந்தக் கேமில், பட்டியலிலிருந்து ஒரு கேளிக்கைப் பூங்காவை எடுத்து, ராட்டினங்கள் கட்டி நடத்த வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமும் சுலபமும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கும். 2002-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பூங்காக்களைத் தொடக்கநிலை, சவால், நிபுணர் என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பூங்கா ஏன் கஷ்டம் என்பதை அந்தப் பெயர்ப்பலகை சொல்லாது. அதை நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

படி 1: இலக்கைப் படியுங்கள்

பூங்காவைத் தொடுவதற்கு முன் அதன் குறிப்பைப் பாருங்கள். முதல் பூங்காவான ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸில், முதல் வருட அக்டோபர் முடிவில் 250 பேர் உள்ளே இருக்க வேண்டும், பூங்கா எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று கேம் போடும் மதிப்பீடு 600-க்குக் குறையக் கூடாது. லீஃபி லேக்கில் 500 பேர், ஆனால் மூன்று வருட அவகாசம். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், கெடுவையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கேமில் ஒரு வருடம் என்பது மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதம்தான்.

அப்புறம் தடைகள். ரெயின்போ வேலியில் நிலத்தை மாற்றவும் பெரிய மரங்களை வெட்டவும் அனுமதி இல்லை. மேடுபள்ளம் இருக்கிறபடியே இருக்கும், நாம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

படி 2: முதல் வருடத்தைத் தாண்டுங்கள்

ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸிலேயே ஆரம்பியுங்கள். நான் முதன்முதலில் ஆடியபோது கையிலிருந்த காசு மொத்தத்தையும் ஒரே ரோலர் கோஸ்டரில் கொட்டினேன். வளைவும் சரிவுமாக நானே கட்டியது, பார்க்கப் பிரமாதம். ஒருவரும் ஏறவில்லை. வாசலில் நின்ற ஒருவரைக் கிளிக் செய்து அவர் மனதில் ஓடுவதைப் பார்த்தால், "இது எனக்கு ரொம்பப் பயங்கரம்" என்கிற மாதிரி ஒரு வரி. அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோரும் அதே பாட்டு.

ஒரு ரைடை (கோஸ்டரோ ராட்டினமோ) கிளிக் செய்தால் திறக்கும் ஜன்னலில் எக்ஸைட்மென்ட் (உற்சாகம்), இன்டென்சிட்டி (தீவிரம்), நாசியா (குமட்டல்) என்று மூன்று எண்கள் வரும். நடு எண் 10-ஐத் தாண்டினால் பெரும்பாலானோர் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் குடை ராட்டினம் போன்ற சின்ன ரைடுகள் இரண்டு மூன்றும், தயார் வடிவமைப்பில் உள்ள சிறிய கோஸ்டர் ஒன்றும் முதலில் போடுங்கள். சொந்தக் கைவண்ணம் பிறகு.

மதிப்பீட்டைத் தின்பது பெரும்பாலும் குப்பையும் வாந்தியும்தான். துப்புரவு ஆளை வேலைக்கு வைத்ததும் அவருடைய ஜன்னலில் புல் வெட்டும் வேலையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதை நாறிக் கிடக்க, மனிதர் நிதானமாகப் புல்வெளியில் உலாவிக்கொண்டிருப்பார். மெக்கானிக் சோதனை 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்று இருக்கும், அதைப் 10 ஆக்குங்கள். தகவல் மையக் கடையில் குடையும் விற்கலாம். மழை வந்தால் அதன் விலையைத் தாராளமாக ஏற்றுங்கள், வாங்குவார்கள். (நிஜத்தில் செய்தால் திட்டு விழும்.)

கணக்கில் வருவது அக்டோபர் கடைசியில் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே. எண்ணிக்கை தொட்டும் தொடாமலும் இருந்தால் செப்டம்பர், அக்டோபரில் விளம்பரத்துக்குச் செலவு செய்யுங்கள், கடன் வாங்கியாவது.

படி 3: கஷ்டத்தை நீங்களே வையுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. இரண்டாம் பாகத்திலும், ரசிகர்கள் திறமூலமாக உருவாக்கிய ஓபன்ஆர்சிடி2-விலும் சினாரியோ எடிட்டர், அதாவது பூங்காவையும் இலக்கையும் நாமே அமைக்கும் கருவி, இருக்கிறது. (ஓபன்ஆர்சிடி2 ஓட அசல் கேமின் கோப்புகள் வேண்டும்.) பொருள்கள், நிலம், ரைடுகள் என்று தேர்ந்தெடுத்த பிறகு விருப்பங்கள் பகுதி வரும். இரண்டாம் பாகத்தில் அதில் பணம், பார்வையாளர், பூங்கா என்று மூன்று தாவல்கள். கஷ்டம் முழுக்க இங்கே தனித்தனித் திருகுகளாகக் கிடக்கும்.

பணத் தாவலில் தொடக்கக் காசு, கடன், வட்டி, விளம்பரத் தடை. பார்வையாளர் தாவலில் ஒவ்வொருவர் பையிலும் எவ்வளவு காசு, வரும்போதே எவ்வளவு பசி என்பது வரை. பையில் காசைக் குறைத்துப் பாருங்கள், நாலு ரைடு ஏறியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பூங்கா தாவலில் மரம் வெட்டத் தடை, உயரமாகக் கட்டத் தடை எல்லாம் இருக்கின்றன. மதிப்பீட்டைக் கடினமாக்கும் தேர்வை இட்டால் அதே பூங்காவுக்கு 100 புள்ளி குறையும். பார்வையாளர் வரவைக் கடினமாக்கும் தேர்வுதான் உண்மையான வில்லன். கூட்டம் ஆயிரத்தை நெருங்கிய பிறகு சின்ன ராட்டினங்களை எத்தனை சேர்த்தாலும் பயன் இருக்காது. குறைந்தது 600 மீட்டர் தண்டவாளமும் எக்ஸைட்மென்ட் 6-க்கு மேலும் உள்ள ரைடுகளைக் கட்டினால்தான் மேற்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் முறுக்காதீர்கள், எது உங்களைக் கவிழ்த்தது என்றே தெரியாமல் போய்விடும். முதல் தடவைக்கு விளம்பரத் தடையை மட்டும் வைத்து, 250 பேர் என்ற இலக்கோடு ஒரு சின்னப் பூங்கா செய்து பாருங்கள். செப்டம்பரில் கை தானாக விளம்பரப் பொத்தானைத் தேடும்.