நாள்பட்ட கழுத்து வலி: உங்கள் கழுத்துக்கேற்ற அசைவுப் பயிற்சியை அமைத்துக்கொள்ளும் முறை

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கழுத்து வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவத்தில் வகைப்படுத்துகிறார்கள். இந்த வலியோடு சிகிச்சைக்குச் செல்பவர்களில் பலருக்கும் ஒரே மாதிரியான பயிற்சித் தாள்தான் கிடைக்கிறது: தலையை மேலும் கீழும் பத்து முறை, வலமும் இடமும் பத்து முறை, தோளை உயர்த்தி இறக்குவது பத்து முறை. ஆனால் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவரின் கழுத்தும், சாலை விபத்தில் உலுக்கப்பட்டவரின் கழுத்தும் ஒரே திறனை இழந்திருப்பதில்லை. எல்லோருக்கும் சிறந்தது என்று எந்த ஒரு பயிற்சி வகையும் இதுவரையிலான ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. ஆகவே எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்பதற்கு முன், நம் கழுத்து எதைச் செய்ய மறுக்கிறது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கையிலோ விரல்களிலோ வலுக்குறைவு, பொத்தான் போடுவதில் புதிதாக ஏற்படும் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அண்மையில் விழுந்தவர்கள், விபத்துக்குள்ளானவர்கள், முடக்குவாதமோ எலும்பு மெலிதலோ உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'தேய்மானம்', 'டிஸ்க் பிதுக்கம்' (கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு வெளித்தள்ளியிருப்பது) என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தலையைத் திருப்பவே அஞ்சுபவர்கள் ஏராளம். ஜப்பானில் கழுத்து வலி முதலிய அறிகுறிகள் இல்லாத 1,211 பேரைப் படமெடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 87.6 சதவீதத்தினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபது வயதைக் கடந்த இளைஞர்களிடமும் அது பரவலாகக் காணப்பட்டது. அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்காமல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கழுத்தின் ஆற்றலை முடிவு செய்ய முடியாது என்பதையே இது காட்டுகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். முதுகு நிமிர்ந்திருக்கும்படி நாற்காலியில் அமர்ந்து, தலையை மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதைச் சுவரில் தெரியும் ஒரு பொருளை அடையாளமாகக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். குனிதல், அண்ணாத்தல், பக்கவாட்டில் சாய்த்தல் ஆகியவற்றையும் அப்படியே பாருங்கள். அசைவு குறைகிறதா, அசைவு முழுமையாக இருந்தும் வலிக்கிறதா, அல்லது அசையும்போது வலியே இல்லாமல் ஒரே நிலையில் அரைமணி நேரம் இருந்தால்தான் வலிக்கிறதா என்று பிரித்தறிவது முக்கியம். முதல் வகையினருக்கு அசைவின் அளவைக் கூட்டும் பயிற்சியும், மூன்றாம் வகையினருக்குத் தசைகளின் தாங்குதிறனைக் கூட்டும் பயிற்சியும் முதலில் தேவை. அன்றாட வேலைகளில் மிகவும் தொல்லை தரும் ஒன்றையும், அதில் எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது என்பதையும் எழுதி வையுங்கள். பின்னால் முன்னேற்றத்தை அளக்க இதுவே அளவுகோல்.

தாங்குதிறன் குறைந்தவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது, கழுத்தெலும்புகளின் முன்புறத்தை ஒட்டியிருக்கும் ஆழ்தசைகள் சோர்ந்து, காதின் பின்புறத்திலிருந்து மார்பெலும்பை நோக்கி இறங்கும் மேல்தசைகள் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் நிலை. இதைச் சோதிக்க மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, முகம் கூரைக்கு நேராக இருக்கும்படி தலைக்கடியில் மடித்த துண்டொன்றை வையுங்கள். தலையைத் தூக்காமல், 'ஆம்' என்று மிக மெல்லத் தலையசைப்பது போல முகவாயைச் சிறிது கீழிறக்கி, விரல்நுனிகளை மேல்தசைகளின் மீது வைத்துப் பாருங்கள். அவை மென்மையாகவே இருக்க வேண்டும். இறுகிப் புடைத்தாலோ மூச்சு தானாக நின்றாலோ அதுவே உங்கள் இப்போதைய எல்லை. அந்த எல்லைக்குச் சற்றுக் குறைவான அசைவில் பத்து விநாடி நிறுத்தி, பத்து முறை செய்ய முடியும்வரை நாளுக்கு இருவேளை பயில வேண்டும். தொடக்கத்தில் மூன்று விநாடி, ஐந்து முறை என்பதே போதும். சிகிச்சை மையங்களில் கழுத்துக்கடியில் காற்றுப்பை ஒன்றை வைத்து, அதன் அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரச அளவில் தொடங்கி இரண்டிரண்டாக 30 வரை உயர்த்தச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. வீட்டில் விரல்நுனியே போதுமான கருவி.

தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் தெரிவிப்பதும் கழுத்தின் வேலைதான். இந்த உணர்வு பிசகியவர்களுக்குப் பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் இடமே இல்லை என்பது வருந்தத்தக்கது. பிரான்சில் 1991-இல் வெளியான ஆய்வொன்று இதை அளக்க எளிய வழியைக் காட்டியது. தலைப்பட்டையில் ஒரு சிறு லேசர் விளக்கைப் பொருத்தி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தொலைவில் அமர்ந்து, ஒளிப்புள்ளி விழும் இடத்தில் குறியிடுங்கள். கண்களை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றியதும் கண்ணைத் திறந்து பாருங்கள். பலமுறை செய்தும் புள்ளி ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 4.5 பாகைக்கு மேல் விலகியே நின்றால், இந்த உணர்வுக்குப் பயிற்சி தேவை. சுவரில் ஒட்டிய தாளில் நேர்கோடும் எட்டு வடிவமும் வரைந்து, ஒளிப்புள்ளியை அவற்றின் மீது மெதுவாக நகர்த்துவதும், கண்மூடித் திரும்பி வருவதை நாள்தோறும் சில நிமிடம் பழகுவதும் அதற்கான பயிற்சிகள். லேசர் எவர் கண்ணிலும், கண்ணாடியிலும் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் காரணத்தை மருத்துவரிடம் அறிந்த பின்னரே இதைச் செய்யலாம்.

அச்சத்தால் கைவிடப்பட்ட அசைவை மீட்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். இருசக்கர வாகனத்தில் செல்லும்போது வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க முடியாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் படுத்த நிலையில், தலையின் எடை முழுவதும் தலையணையில் இருக்க, மெதுவாக உருட்டிப் பழகலாம். அடுத்து, சுழல் நாற்காலியில் அமர்ந்து, எதிரிலுள்ள ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, தலையை அசைக்காமல் உடலை மட்டும் இடப்புறம் திருப்பலாம். இப்போது கழுத்து உண்மையில் வலப்புறம் திரும்பியிருக்கிறது. ஆனால் அஞ்சிய அசைவாக அது உணரப்படுவதில்லை. பிறகு கண்களை முதலில் திருப்பி, தலை அதைத் தொடரும்படி செய்யலாம். அதன்பின் நிறுத்தி வைத்த வண்டியில் அமர்ந்து பார்ப்பது, கடைசியாக ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. தேர்வு செய்யும் அசைவு எதுவாயினும் இதே வரிசையில் பகுத்துக்கொள்ளலாம்.

வலுவூட்டும் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் வலுப்பயிற்சி செய்தவர்களுக்கும் தாங்குதிறன் பயிற்சி செய்தவர்களுக்கும் வலி வெகுவாகக் குறைந்தது. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் மெல்லத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது போன்றவற்றை வாரம் மூன்று நாள் செய்யலாம்.

அளவைத் தீர்மானிக்க ஒரு விதி உண்டு. வலியின்மை 0, தாங்க முடியாத வலி 10 என்று கொண்டால், பயிற்சியின்போது 3 வரை ஏறலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையெனில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், பயிற்சியையே நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது உதவியது என்று தெரியும். மருத்துவர் சொல்லாமல் கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிவது தசைகளை மேலும் தளர்த்தும். முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க ஒருபோதும் இடங்கொடுக்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து அதே சோதனைகளை அதே நாற்காலியில், அதே அடையாளங்களோடு மீண்டும் செய்து, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். வேலையில் வலி தொடங்கும் நேரம் தள்ளிப்போயிருந்தால், வலி முற்றிலும் நீங்காவிட்டாலும் பயிற்சி பலனளிக்கிறது என்றே கொள்ள வேண்டும். எதுவும் மாறவில்லையெனில் அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் செல்லுங்கள்; எங்கிருந்து தொடங்குவது என்பதை அவர் விரைவாகத் தீர்மானிக்க அவை உதவும்.