ஓம் கணக்கும் ஓர் இண்டிகேட்டர் பல்பும்

போன மாதம் பைக்கின் பின்பக்க இண்டிகேட்டர் ஒன்று எரியவில்லை. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடை அளக்கும் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: 1.5 ஓம். பல்பின் அடியில் 12 வோல்ட், 10 வாட் என்று போட்டிருக்கிறது. 12 × 12 ÷ 1.5 = 96 வாட்! உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கி வந்தேன். புதுசும் அதே 1.5 ஓம் காட்டியது. கடைசியில் பார்த்தால் ஹோல்டரில் துரு. பல்பில் ஒரு குறையும் இல்லை, நான் கணக்குப் போட்ட விதம்தான் தப்பு.

சூத்திரம் பள்ளியில் படித்ததுதான். கீழே உள்ள முதல் வரி 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்டது.

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (மின்தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)

இந்த இரண்டு போதும். இரண்டையும் சேர்த்தால் வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட். மேலே 96 வந்தது அப்படித்தான். ஆனால் இரண்டு அளவையும் பல்ப் எரியும்போதே எடுக்க வேண்டும்.

தேவையானவை

12 வோல்ட் பைக் பேட்டரி, 10 வாட் பல்ப், ஹோல்டர், 5 ஆம்பியர் ஃபியூஸ், மல்டிமீட்டர். வீட்டு பிளக்கில் இதைச் செய்து பழகாதீர்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் உள்ளே ஃபியூஸ் இருக்காது, அதனால்தான் வெளியே ஒன்று போடச் சொல்கிறேன். கையால் ரேஞ்ச் மாற்றும் மீட்டரே எனக்குப் பிடிக்கும். ஆட்டோ ரேஞ்ச் மீட்டர் எண் நிலைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

படி 1: வோல்டேஜ்

பேட்டரி, ஃபியூஸ், பல்ப் என்று வரிசையாக இணைத்து எரிய விடுங்கள். மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைக்காமல் பல்பின் இரு முனைகளிலும் வையுங்கள். எனக்குப் பேட்டரியில் 12.5, பல்பில் 12.3. அந்த 0.2 வோல்ட் வயரிலும் இணைப்புகளிலும் போகிறது. நமக்கு வேண்டியது 12.3.

படி 2: ஆம்பியர்

சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேருங்கள். பல்ப் வழியாகப் போகும் கரண்ட் முழுக்க மீட்டர் வழியாகவும் போக வேண்டும். எனக்கு வந்தது 0.84.

அளந்து முடித்ததும் சிவப்பு முனையைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட். என் மீட்டரின் ஒரு முனை இன்றும் உருகிய தழும்போடுதான் இருக்கிறது.

படி 3: கணக்கு

12.3 ÷ 0.84 = 14.6 ஓம்
12.3 × 0.84 = 10.3 வாட்

அட்டகாசம், பல்பில் போட்டிருக்கும் 10 வாட்டோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் அந்த 1.5 ஓம்?

அதில் 0.3 மீட்டர் வயருடையது (இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால் தெரியும்). மீதி 1.2 ஓம் குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை. எரியும்போது இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சூடேற ஏறத் தடையும் ஏறும், இங்கே ஏறக்குறைய 12 மடங்கு. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் மட்டும் 12.3 ÷ 1.2, அதாவது 10 ஆம்பியர் வரை பாயப் பார்க்கும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ‘டப்’பென்று போவதற்கு இதுவே காரணம்.

அதற்காக ஓம் பக்கம் வீண் என்றில்லை. வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பிளக்கிலிருந்து கழற்றி, ஆறவைத்து அளந்தேன்: 35 ஓம். ஹீட்டர் சுருள் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்). சூடானாலும் அதன் தடை அதிகம் மாறாது. எனவே 230 × 230 ÷ 35 = 1511 வாட், ராடில் போட்டிருப்பது 1500. ஓட்டம் 6.6 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதைச் செருகுகிறவர்கள் கவனிக்கவும்.

வோல்டேஜ் 190-க்கு இறங்கினால்? 190 × 190 ÷ 35 = 1031 வாட். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 20 நிமிடத்தில் காய்ந்த தண்ணீருக்கு அரை மணி நேரம் ஆகும். லோ வோல்டேஜ் நாளில் ராடைத் திட்டிப் பயனில்லை.

பின்சேர்க்கை 1: ஒருவருக்கு 0.015 ஓம் வந்ததாம். மீட்டர் 840 என்று மில்லிஆம்பியரில் காட்டியதை அப்படியே வகுத்திருக்கிறார். முதலில் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்குங்கள்.

பின்சேர்க்கை 2: எல்இடி பல்பை ஓம் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் காட்டவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். உள்ளே டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, அதற்கு இந்த ஓம் கணக்கு பொருந்தாது. சீலிங் ஃபேனுக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். அதைப் பவர் ஃபேக்டரால் (அதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) பெருக்கினால்தான் வாட். அதற்கு, பிளக்கில் செருகி நேரடியாக வாட் காட்டும் மீட்டர் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.