பித்தவெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் கோகோ வெண்ணெய்க் களிம்பு: வீட்டில் செய்யும் முறை

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகை தொடங்கி வீசும் வறண்ட கிழக்குக் காற்றை மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழ் வீடுகளில் அந்தக் காற்று முதலில் கைவைப்பது எங்கள் உதட்டிலும் குதிகாலிலும்தான். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோ மரத்தின் விதையிலிருந்தே இதற்கு உதவும் கொழுப்பான கோகோ வெண்ணெய் கிடைக்கிறது. நொதிக்க வைத்து உலர்த்திய விதைப்பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புதான் என்றாலும், அதைப் பிழிந்தெடுக்க இயந்திரம் வேண்டும் என்பதால் நாம் கடையில்தான் வாங்க வேண்டும்.

வாங்கும்போது வெளிர்மஞ்சள் நிறமும் சாக்லேட் மணமும் உள்ள கட்டியைப் பாருங்கள். மணம் நீக்கிய வெள்ளை வகையும் நல்லதே. நல்ல கட்டி கையால் ஒடித்தால் சட்டென்று முறியும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகும். ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்குவதே இதற்குக் காரணம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: கோகோ வெண்ணெய் தோலுக்கு நீர் ஊட்டுவதில்லை, தோலில் இருக்கும் நீர் ஆவியாகாமல் மூடி போட்டதுபோல் காக்கிறது. ஆகவே காய்ந்த காலில் எவ்வளவு அப்பினாலும் பலன் குறைவு, ஈரம் முழுதும் உலராத காலில் சிறிதளவு தடவினாலே போதும். தோலை வெளுப்பாக்கும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு. பிரசவத் தழும்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கையையும், 2008இல் லெபனானில் கர்ப்பிணிகளிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். கோகோ வெண்ணெய் 30 கிராம், தேங்காய் எண்ணெய் 25 கிராம், தேன்மெழுகு 5 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு ஒத்துவராது, தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் கோகோ வெண்ணெய் நாம் நினைப்பதைவிட அதிகமாக இளகிவிடும் என்பதால்தான் மெழுகு சேர்க்கிறோம். பங்குனி, சித்திரை வெயிலுக்குச் செய்வதானால் மெழுகை 8 கிராமாக உயர்த்தி, எண்ணெயை 22 கிராமாகக் குறையுங்கள்.

பாத்திரம், கரண்டி, டப்பா மூன்றையும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு நீர்கூட இல்லாமல் உலர்த்துங்கள். அகலமான பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அதன்மேல் சிறு கிண்ணத்தை வைத்து, மெழுகையும் எண்ணெயையும் முதலில் அதில் இடுங்கள். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை. அது முழுதும் கரைந்தபின் அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய கோகோ வெண்ணெயைச் சேர்த்து, அந்த மீதிச் சூட்டிலேயே கலக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் மணம் கெடும். நானும் முதல்முறை அவசரப்பட்டு அப்படித்தான் கெடுத்தேன்.

தெளிந்த கலவையை டப்பாவில் ஊற்றி, ஆறத் தொடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். வெப்பமான அறையில் மெதுவாக ஆறவிட்டால் கொழுப்பு குருணை குருணையாகத் திரளும். அப்படித் திரண்டால் கெட்டுவிட்டதென்று எறிய வேண்டாம். முழுதும் உருக்கி, விரைவாகக் குளிரவையுங்கள்.

முதல்முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால், இரவில் வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, லேசாக ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் தடவிப் பருத்திக் காலுறை அணியுங்கள். உதட்டுக்கு விரல்நுனியளவு போதும். முகப்பரு வருபவர்கள் முகத்தில் தடவ வேண்டாம், துளைகளை அடைக்கக்கூடிய கொழுப்பு இது. வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ களிம்பை நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் நீரே இல்லாததால் பூஞ்சைத் தடுப்பான் எதுவும் தேவையில்லை. ஈர விரலை மட்டும் டப்பாவுக்குள் விடக்கூடாது; உலர்ந்த கரண்டியால் எடுத்துப் பழகினால் அடுத்த விருச்சிகக் காற்று வரும் முன்பே டப்பா காலியாகிவிடும்.