பைலட் ஆகணுமா? ஃபீஸ் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

கண்ணாடி போட்டதாலேயே பைலட் ஆசையை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது. இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்ட கண்ணாடி ஒரு தடையே இல்லை. கவனிக்க வேண்டியது நிறப் பார்வை. அதைப் பார்க்காமல் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள்.

படி 1: நிறப் பார்வை

பக்கத்தில் இருக்கும் கண் டாக்டரிடம் 'இஷிஹாரா டெஸ்ட்' கேளுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் அட்டைகள் அவை. முதல் அட்டையில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். அதோடு நிம்மதியாகிவிடாமல் மீதி அட்டைகளையும் பாருங்கள். செல்போனில் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறும்.

இதில் ஏன் இவ்வளவு கறார்? ஓடுபாதை ஓரம் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் இறங்குகிறீர்கள். நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான அளவு தாழ்ந்துவிட்டீர்கள். ரேடியோ செத்துப்போனால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காட்டும் பச்சை, சிவப்பு ஒளிதான் உத்தரவு.

சிவப்பு-பச்சைக் குறை பெரும்பாலும் பிறவியிலேயே, அம்மா வழியாக வருவது. ஆண்களிடம்தான் அதிகம். தாய்மாமனுக்கோ அம்மாவின் அப்பாவுக்கோ இருந்தால் பையன்கள் கட்டாயம் பார்த்துவிடுங்கள். இஷிஹாராவில் தவறியவர்களுக்கு விளக்கு நிறத்தைச் சொல்லும் லான்டர்ன் சோதனை உண்டு.

படி 2: பார்வைக் கூர்மை

சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் கமர்ஷியல் லைசென்சுக்கு 'கிளாஸ் 1' என்ற கடுமையான மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 (நல்ல கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடி கைவசம் இருக்க வேண்டும்.

படி 3: உடம்பு

ரத்த அழுத்தம், இசிஜி, காது, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். கண் பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் உட்பட எந்த ஆபரேஷனையும் மறைக்காதீர்கள். ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். உயரம், கண் பற்றி விமானப்படைக்கு உள்ள விதிகள் தனி. அவற்றைப் படித்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் ஏராளம்.

படி 4: வரிசை

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2 என்ற ஆரம்பக்கட்ட மருத்துவச் சோதனை. அடுத்தது கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ மையத்திலும் இது நடக்கிறது. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதினால் கலங்காதீர்கள், சொன்ன குறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். கிளாஸ் 1 கைக்கு வந்த பிறகு பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.