மழைக்காட்டு விலங்கு மீட்பு நிலையத்துக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோர வயல்களுக்குப் போகிறவர்கள் புல்லுக்குள் படுத்திருக்கும் மான்குட்டியை ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள். கிட்டப் போனாலும் ஓடாது, கையை வைத்தாலும் அசையாது. "பாவம், தாய் விட்டிட்டுப் போயிட்டுது. எவ்வளவு சாதுவா இருக்குது பாருங்கோ" என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தாய் உண்மையில் எங்கேயும் போயிருக்காது. புள்ளிமான் குட்டி பிறந்த முதல் நாட்களில் ஒளிந்து படுத்துக்கிடக்கும். தாய் தள்ளி நின்று மேயும், பால் கொடுக்கும் நேரத்துக்கு வந்துபோகும். அசையாமல் கிடப்பது ஒன்றுதான் அந்தக் குட்டிக்குத் தெரிந்த பாதுகாப்பு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு குட்டி வந்தது. பால்மாவைக் கரைத்துப் போத்தலில் ஊட்டினோம். நான்காம் நாள் வயிற்றோட்டம் கண்டு செத்துப்போனது. அது ஏன் செத்தது என்பது எனக்கு விளங்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. கனடாவில் இருந்த காலத்தில் மத்திய அமெரிக்க நாடான கொஸ்டாரிக்காவின் மழைக்காட்டோரம் தொண்டர்கள் நடத்தும் ஒரு விலங்கு மீட்பு நிலையத்தில் ஒரு மாதம் வேலை செய்தேன். தாயிடமிருந்து எடுத்து ஒவ்வாத பாலை ஊட்டிய எங்கள் அன்புதான் அதைக் கொன்றது என்பது அங்கேதான் விளங்கியது.

இப்போது நம் உறவுப் பிள்ளைகள் பலர் இப்படியான இடங்களுக்குப் போகிறார்கள். சிலர் ஒருநாள் பார்க்க, சிலர் விடுமுறையில் தொண்டு செய்ய. போக முன்னம் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, நான் மேலே சொன்ன அதே தவறுதான்: அசையாமல் இருக்கும் விலங்கைச் சாது என்று நினைப்பது. கொஸ்டாரிக்காவுக்குப் போகிற எல்லோருக்கும் ஸ்லோத்தைப் பார்க்க ஆசை. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி, கிழமைக்கு ஒரு தடவை மலங்கழிக்க மட்டும் நிலத்துக்கு இறங்கி வரும் விலங்கு அது. மூன்று விரல் ஸ்லோத்தின் முகத்தில் உள்ள கோடுகள் அது எப்போதும் சிரிப்பதுபோலக் காட்டும். சந்தோசமாக இருந்தாலும் அந்த முகம்தான், பயத்தில் நடுங்கினாலும் அந்த முகம்தான். அதற்கு ஓடித் தப்பத் தெரியாது. பயந்தால் அப்படியே உறைந்துவிடும். நாமோ "என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது" என்று மகிழ்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர்த் தேவாங்கும் அப்படித்தான். டோர்ச் வெளிச்சம் கண்ணில் பட்டால் திகைத்து நிற்கும். இருட்டில் பார்ப்பதற்கென்று அமைந்த கண் அது.

ஆகவே தொடக் கேட்காதீர்கள். "ஒரே ஒருக்கா" என்றும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்பது ஒரு தடவைதான். அந்தக் குட்டிக்கோ அன்றைக்கு நீங்கள் பதினைந்தாவது ஆள். தொடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நமக்கு வரும் தடிமனும் காய்ச்சலும் குரங்குகளுக்கும் தொற்றும். நம் உதட்டில் சின்னக் கொப்புளம் போட்டுவிட்டுப் போகும் வைரஸ், தென்னமெரிக்காவின் மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளைக் கொன்றுவிடும். சளி, இருமல் இருந்தால் போகும் நாளை மாற்றுங்கள். முற்பதிவுக் காசு போனாலும் பரவாயில்லை.

அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு பேச்சு. கூட்டுக்கு முன்னால் நின்று குழந்தையிடம் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுவார்கள், விசிலடிப்பார்கள், கிளிக்கு "ஹலோ" சொல்லிக்கொடுப்பார்கள். நான் இருந்த நிலையத்தில் வீட்டுக் கூட்டிலிருந்து மீட்ட ஒரு கிளி ஆளைக் கண்டாலே கிட்ட வந்து, ஸ்பானிய மொழியில் ஹலோ சொல்வதுபோல "ஓலா" என்று கூப்பிடும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதற்குத் திருப்பிச் சொல்வார்கள். காட்டில் விட வேண்டும் என்றால் அது மனிதரைக் கண்டு பறந்தோட வேண்டும். தொண்டர்கள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் சாப்பாடு வைத்து மறக்கடிக்கப் பார்த்ததை, வந்தவர்கள் ஒரு பின்னேரத்தில் பழையபடி ஆக்கிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு மாதத்தில் எனக்கு அதிகம் நெஞ்சு நொந்தது அதற்குத்தான்.

தீனி கொடுப்பது பற்றி நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. கதிர்காமத்துக்குப் போனவர்கள் புத்தல வீதியில் வாகனத்தை மறித்து நிற்கும் யானைகளைக் கண்டிருப்பீர்கள். வாழைப்பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது நாங்கள்தான். மீட்பு நிலையத்தில் ஒவ்வொரு விலங்குக்கும் அளந்துதான் சாப்பாடு. உங்கள் பையில் இருக்கும் பிஸ்கற் பையிலேயே இருக்கட்டும்.

எந்த நிலையத்துக்குப் போவது என்று தெரிவதிலும் பலர் ஏமாறுகிறார்கள். "குட்டியைத் தூக்கலாம், கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம்" என்று விளம்பரம் போடும் இடம் பெயரில் மீட்பு நிலையமாக இருந்தாலும் வேலையில் காட்சிச்சாலைதான். கொஸ்டாரிக்கா அரசே 2019இல் காட்டு விலங்குகளைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் செல்ஃபிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. நல்ல இடம் உங்களைத் தள்ளியே நிறுத்தும். சில பகுதிகளுக்கு விடவே மாட்டார்கள். கோபிக்காதீர்கள், காட்டுக்குத் திரும்பப்போகிற விலங்குகள் இருக்கும் பகுதி அது. நம் நாட்டில் இதைப் பார்க்க விரும்பினால் உடவளவைக்குப் போங்கள். 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் அங்கே இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பார்கள். அதை மேடையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வளர்ந்த பிறகு அவை காட்டுக்குப் போகின்றன. யானையைத் தடவிப் பார்க்க முடியவில்லையே என்று குறைசொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தடவ முடியாததால்தான் அவை காட்டுக்குப் போக முடிகிறது.

தொண்டு செய்யப் போகிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குரங்குக்குட்டியை மடியில் வைத்துப் பாலூட்டும் கனவோடு போகாதீர்கள். நான் அந்த மாதம் முழுக்கச் செய்தது பழம் வெட்டியது, கூடு கழுவியது, துவாய் தோய்த்தது. ஊளையிடும் ஹவ்லர் குரங்குகள் உறையில்லாத மின்கம்பியில் பிடித்து அடிபட்டு வரும். அவற்றைத் தூக்கிப் பராமரிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மூன்று நாளைக்கு வந்து நிற்கலாமா என்றும் கேட்காதீர்கள். வேலை பழகவே ஒரு கிழமை போய்விடும். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் தாயை ஏற்கெனவே இழந்த குட்டி மறுபடி மறுபடி ஆளை இழக்கும். தங்கவும் சாப்பிடவும் காசு கேட்பார்கள். அரசாங்கப் பணம் இல்லாமல் நடக்கும் இடம். அந்தக் காசில்தான் மருந்தும் வாங்குகிறார்கள். அப்புறம், கடி பட்டால் மறைக்காதீர்கள். "சின்னக் கீறல்தானே" என்று மறைத்த ஒரு பிள்ளையை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். விசர்நாய்க்கடிக்கு மட்டும் உரிய நோய் அல்ல நீர்வெறுப்பு நோய். பாலூட்டி எது கடித்தாலும் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் போக வேண்டும். ஊசியைப் போக முன்னமே போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

வன்னி வெயிலில் வளர்ந்த நமக்கு மழைக்காட்டு ஈரம் புதிது. உடுப்பு காயாது. முழுக்கைச் சட்டையும் சப்பாத்தும் வேண்டும். நுளம்பு மருந்தை உள்ளங்கையில் பூசிக்கொண்டு எதையும் தொடக்கூடாது, தவளைக்கு அது நஞ்சு. வேறு காட்டில் மிதித்த சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். மத்திய அமெரிக்கத் தவளைகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த ஒரு பூஞ்சணம் ஈர மண்ணோடும் பரவும். அன்பளிப்பு கொண்டுபோவதென்றால் என்ன தேவை என்று முன்னமே கேளுங்கள். பெரும்பாலும் பழைய துவாயும் படுக்கை விரிப்பும்தான் கேட்பார்கள்.

சரி, இங்கே வன்னியில்? கண்ணியில் மாட்டியதையோ வாகனம் அடித்ததையோ கண்டால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சின்ன விலங்கென்றால் காற்றுத் துளை போட்ட இருட்டான பெட்டியில் வையுங்கள். ஆட்களைக் கூட்டிக் காட்டாதீர்கள். மான் இனம் பிடிபட்டுத் திமிறும்போது தசைகளே சிதைந்து, காயம் ஒன்றும் இல்லாமல் ஓரிரு நாளில் சாகக்கூடும். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம்.

போன மாரிக்கு முன் பக்கத்து வளவுப் பெடியன் ஒரு மான்குட்டியைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தான். "அண்ணை, தாய் இல்லை" என்றான். எடுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மனித வாடை பட்டால் தாய் ஏற்காது என்று அவனுடைய அம்மம்மா சொன்னா. அப்படி இல்லை என்று சொல்லி, எடுத்த அதே புல்லுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம். அவனுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. விடியப் போய்ப் பார்த்தோம். புல் அமுங்கிய இடம் மட்டும் இருந்தது. வாய்க்கால் ஈர மண்ணில் ஒரு பெரிய குளம்பும் ஒரு சின்னக் குளம்பும் காட்டுப் பக்கமாகப் போயிருந்தன.