வயித்துல லைப்போ பண்ணிட்டு வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்ன பண்ணணும்?

லைப்போன்னா லைப்போசக்ஷன், தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பை குழாய் விட்டு உறிஞ்சி எடுக்குற ஆபரேஷன். அதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குறது எத்தனை லிட்டர் கொழுப்பு எடுப்பாங்கன்னு தான், ஆனா வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி தான் நிஜமான கேள்வியெல்லாம் ஒவ்வொண்ணா வரும். இது வயிறு, இடுப்புல பண்ணவங்களுக்காக எழுதுறது. உங்க சர்ஜன் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொன்னது தான் கணக்கு.

ஸ்டெப் 1: மெத்தையில ரப்பர் ஷீட் போடுங்க

கொழுப்பை உறிஞ்சுறதுக்கு முன்னாடி சலைன்ல லிக்னோகெயின் (மரத்துப் போக வைக்கிற மருந்து), அட்ரினலின் (ரத்தக் கசிவை குறைக்கிறது) கலந்து தோலுக்கு அடியில ஏத்துவாங்க (1980கள்ல ஜெஃப்ரி கிளெய்ன்னு ஒரு அமெரிக்க தோல் டாக்டர் கொண்டு வந்த முறை). அந்த தண்ணியில ஒரு பங்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாளைக்கு குழாய் விட்ட சின்ன ஓட்டை வழியா கசிஞ்சிட்டே இருக்கும், ரோஸ் கலர்ல, சில சமயம் சிவப்பாவும் வரும், நைட்டி பெட்ஷீட் எல்லாம் நனைஞ்சு வீட்ல இருக்கவங்க ரத்தம் கொட்டுதுன்னு அலறுவாங்க. பயப்பட வேணாம், பேட் மாத்திட்டே இருங்க. ஆனா கெட்டியான ரத்தம் நிக்காம வந்தா உடனே போன் பண்ணணும்.

ஸ்டெப் 2: கார்மென்ட்

இறுக்கமா ஒரு உடுப்பு குடுப்பாங்கல்ல, அது தான் முதல் மாசத்துக்கு முக்கியம். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், ராத்திரியும் சேத்து. துவைக்க மாத்தி போட ரெண்டு வாங்கிக்கோங்க. உக்காரும்போது வயித்துகிட்ட சுருண்டு மடிப்பு விழும், அப்படியே விட்டா அந்த கோடு தோல்ல பள்ளமா பதியும், அதனால எந்திரிக்கும்போதெல்லாம் கையால இழுத்து நீவி விடுங்க. மூச்சு விடவே கஷ்டமா இருந்தா சைஸ் சரியில்ல, பல்லைக் கடிச்சிட்டு இருக்காதீங்க.

முதல் தடவை கழட்டும்போது ஜாக்கிரதை. அழுத்தம் சட்டுனு விட்டதும் பிபி இறங்கி பாத்ரூம்லயே மயங்கி விழுறவங்க உண்டு. கட்டில்ல உக்காந்து மெதுவா கழட்டுங்க, பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், பாத்ரூம்ல தாழ்ப்பாள் வேணாம்.

ஸ்டெப் 3: நடங்க

அன்னைக்கு சாயந்திரமே வீட்டுக்குள்ள நாலு நடை. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறையலாம். நம்ம வீட்ல "பச்சை உடம்பு, எந்திரிக்காதே"ம்பாங்க, இந்த விஷயத்துல மட்டும் அத்தை பேச்சை கேக்காதீங்க.

ஸ்டெப் 4: வெயிட் மெஷினை ஒளிச்சு வைங்க

நிஜமா தான் சொல்றேன். முதல் வாரம் எடை ஏறித்தான் காட்டும், எல்லாம் நீர். முதல் சில நாள் வீக்கம் கூடும், வயிறு முன்னாடியை விட பெருசா தெரியும், கன்னிப்போன நீலம் தொடை வரைக்கும் இறங்கும். ஆம்பளைங்களுக்கு விதைப்பை வீங்கும், பொம்பளைங்களுக்கும் கீழ வீங்கும், நீர் கீழ இறங்குறது தான் காரணம், ஆனா வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம கூகுள் பண்ணி பயந்து சாவாங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்களுக்கு இது புதுசு இல்ல. உப்பு கம்மி பண்ணுங்க, ஊறுகாய் அப்பளம் கொஞ்ச நாளைக்கு வேணாம்.

அடிக்கடி வர்ற சந்தேகங்கள்

கட்டி கட்டியா இருக்கே? ஆறும்போது உள்ள இறுகுறது தான், வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல இளகும். மசாஜ் டாக்டர் ஓகே சொன்னதும் பழகினவங்ககிட்ட மட்டும்.

மரத்துப் போயிருக்கு? அதுவும் மெதுவா திரும்பும். அதுவரைக்கும் ஒத்தடம் வேணாம், சுடு தண்ணி பையும் சரி ஐஸும் சரி, தோல் வெந்தாலும் உங்களுக்கு தெரியாது.

தண்ணி தளும்புற மாதிரி ஒரு இடம் மட்டும் உப்பியிருக்கா? அது செரோமாவா (தோலுக்கு அடியில நீர் கட்டிக்கிறது) இருக்கலாம், டாக்டர் ஊசி போட்டு எடுத்துடுவார். நீங்களே பிதுக்காதீங்க.

காத்திருக்கவே கூடாத விஷயங்கள்

ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, ஆள் குழம்பி பேசுறது, வயிறு கல்லு மாதிரி இறுகி வாந்தி, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காம 108. காய்ச்சல் 101 தாண்டினா, சிவந்து சூடா பரவினா, நாத்தத்தோட சீழ் வந்தா, வலி நாளுக்கு நாள் குறையாம கூடினா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

உக்காந்து பாக்குற வேலைக்கு ஒரு வாரத்துல நிறைய பேர் போயிடுறாங்க, ஜிம்முக்கு 3, 4 வாரம் ஆகும், அதுவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. ஷேப் தெரிய 3 மாசமாவது ஆகும், முழுசா அடங்க 6 மாசம். தை மாசம் கல்யாணத்தை வச்சிக்கிட்டு கார்த்திகையில வந்து நிக்கிறவங்களை திருப்பி அனுப்புற சர்ஜன் தான் நல்ல சர்ஜன்.