பழைய கைகாட்டிக்கு உதிரிபாகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டவாளத்தோரம் கம்பத்தில் நின்று கையை அசைத்து வண்டிக்குச் சைகை காட்டிய பழைய ரயில்வே கைகாட்டி முழுதாகக் கிடைப்பது அபூர்வம். கை இருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். விளக்குக் கூடு இருந்தால் உள்ளே எண்ணெய்த் தொட்டியும் திரி பொருத்தும் பகுதியும் இருக்காது. எடைக்கட்டியை யாரோ எப்போதோ இரும்புக் கடையில் போட்டிருப்பார்கள். அதனால் வாங்கிய மறுநாளே உதிரிபாகம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். அந்த அவசரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நானும் சிலவற்றைச் செய்திருக்கிறேன்.

முதல் தவறு, படத்தைப் பார்த்து வாங்குவது. நம் நாட்டில் இருந்த கைகாட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் கை கீழே இறங்கினால் வண்டி போகலாம். இன்னொன்றில் கை மேலே எழும்: 45 டிகிரியில் நின்றால் எச்சரிக்கை, செங்குத்தாக நின்றால் போகலாம். இரண்டிலும் கை படுக்கையாக இருந்தால் நில் என்று பொருள். தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஏற்பாடு தலைகீழ்.

கையை அசைக்கும் இழுகம்பி அறுந்துபோனால் கை தானாக 'நில்' நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் கைகாட்டியின் அடிப்படை விதி. மேலெழும் வகையில் கையின் சொந்த எடையே அதைச் செய்துவிடும். கீழிறங்கும் வகையில் அப்படி நடக்காது. மறுபக்கம் விளக்குக்கு முன்னால் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளைத் தாங்கும் சட்டமும் எடைக்கட்டியும் கையைவிடக் கனமாக இருந்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். அதனால் பழைய மரக்கை உளுத்துப்போய்விட்டதே என்று கனமான இரும்புத் தகட்டில் ஒரு கை வெட்டி மாட்டினால், கம்பியை விட்டதும் கை தொங்கிவிடும். வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் கைகாட்டிதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். தொங்கிய கை 'போகலாம்' என்று சொல்கிறது. அது கைகாட்டி சொல்லவே கூடாத பொய்.

கண்ணாடிகளின் வரிசையும் இதையொட்டியதுதான். கை தாழும்போது மறுபக்கச் சட்டம் மேலேறும், விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். எனவே கீழிறங்கும் வகையில் சிவப்பு மேலே, பச்சை கீழே. மேலெழும் வகையில் இது மாறிவிடும். சட்டம் வாங்கும்போது எந்த வகைக்கு வார்த்தது என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், அச்சுத் துளையிலிருந்து கண்ணாடித் துளைகள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதை நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் பாருங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சாமான்கள். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ஜெனரல் ரயில்வே சிக்னல் ஆகிய நிறுவனங்களின் வார்ப்புகள் அருமையானவை. ஆனால் நம் கைகாட்டியில் ஓட்டுநர் பார்வைக்குக் கை இடப்பக்கம் நீளும். அமெரிக்காவில் பெரும்பாலும் வலப்பக்கம். அங்கே வார்த்த சட்டம் நம்முடையதற்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். கப்பல் கூலி கொடுத்து வரவழைத்த பிறகு இது தெரிந்தால் மனசு விட்டுப்போகும். பிரிட்டனில் தேடுவதே மேல். அங்கேயும் 1920களுக்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் மேலெழும் வகைக்கு மாறிவிட்டன. கிரேட் வெஸ்டர்ன் மட்டும் கடைசிவரை கீழிறங்கும் வகையைக் கைவிடவில்லை.

அடுத்தது கண்ணாடியின் நிறம். பழைய 'பச்சை'க் கண்ணாடியைக் கையில் எடுத்தால் கடல் நீலமாகத் தெரியும். தப்பான கண்ணாடி என்று நினைத்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் சரியான கண்ணாடி. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அந்த மஞ்சள் வெளிச்சம் நீலம் கலந்த கண்ணாடியைத் தாண்டும்போதுதான் தெளிந்த பச்சையாக வெளியே வரும். சந்தையில் கிடைக்கும் இலைப்பச்சைக் கண்ணாடியைப் பொருத்திச் சுடர் ஏற்றினால் வெளுத்துப்போன மஞ்சள்பச்சைதான் தெரியும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அசல் கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே வெள்ளை எல்இடி போட்டால் இரவில் கைகாட்டி நீலமாக எரியும். எல்இடிதான் வேண்டும் என்றால், பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கப் போட்டிருக்கும் கெல்வின் எண்ணைப் பாருங்கள். சுடரின் நிறம் ஏறக்குறைய 2,000 கெல்வின். 6,500 என்று இருப்பதைத் தொடவே வேண்டாம்.

லென்ஸ் வாங்கும்போது விட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. ஒரே விட்டத்தில் வேறு வேறு குவியத்தூரம் உள்ள லென்ஸ்கள் உண்டு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைப் பிடித்து, வெளியே தெரியும் காட்சி சுவரில் துல்லியமாக விழும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். விளக்குக் கூட்டில் சுடர் நிற்கும் இடத்துக்கும் லென்ஸுக்கும் இடையே ஏறக்குறைய அந்தத் தூரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கற்றையாகப் போகாமல் சிதறிவிடும்.

இனி, நான் மிகவும் வருத்தப்படும் தவறு: மரை. பிரிட்டிஷ் காலச் சாமான்களில் இருப்பது விட்வொர்த் மரை. அதன் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரையும் அமெரிக்க மரையும் 60 டிகிரி. அரை இஞ்ச் விட்வொர்த் போல்ட்டில் ஒரு இஞ்சுக்கு 12 மரை, யுஎன்சி எனப்படும் அமெரிக்க மரையில் 13. பல அளவுகளில் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதால் போல்ட் பாதிவரை ஏறிவிடும். அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரை அழுத்துவோம். நூறு வருடம் தாங்கிய வார்ப்பிரும்பின் உள்மரை ஒரே நிமிடத்தில் போய்விடும். மரையின் இடைவெளியைச் சரிபார்க்கும் ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. சரியான போல்ட் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். துளையை மட்டும் புது அளவுக்கு மாற்றி மரை வெட்ட வேண்டாம். போல்ட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். துளையை மாற்ற முடியாது.

கிடைக்காத பாகத்தை வார்த்துக்கொள்வது நல்ல வழி. கோயம்புத்தூர்ப் பக்கம் சின்ன பவுண்டரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பலர் நண்பரிடமிருந்து ஒரு அசல் பாகத்தை இரவல் வாங்கி, அதையே பேட்டர்னாக, அதாவது மணலில் அச்சு எடுக்கும் மாதிரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1 சதவீதம், பித்தளை 1.5 சதவீதம் அளவுக்கு. ஒரு அடி நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் துளைகள் எதிரெதிரே நிற்காது. சுருக்கத்தைச் சேர்த்து மரத்தில் தனியாகப் பேட்டர்ன் செய்யச் சொல்லுங்கள். கடைய வேண்டிய முகங்களில் கூடுதலாகச் சதை விடச் சொல்லவும் மறக்காதீர்கள். வார்த்த பாகத்தின் உள்பக்கம் ஆண்டைப் பொறித்துவிட்டால், பின்னால் வாங்குபவர் அதை அசல் என்று ஏமாற மாட்டார்.

எழுத்துகளை நம்பி விலை கொடுப்பதும் ஒரு தவறு. விளக்கில் ஆங்கிலத்தில் 'எஸ்.ஆர்.' என்று இருந்தால் நம் தெற்கு ரயில்வே என்று நினைப்போம். தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14 அன்று. பிரிட்டனிலும் 1923 முதல் 1947 வரை சதர்ன் ரயில்வே என்ற கம்பெனி இருந்தது, அதற்கும் அதே எழுத்துகள்தான். 1951க்கு முன் இங்கே ஓடியவை சவுத் இந்தியன் ரயில்வே, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே போன்றவை. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டாவின் எழுத்துகளோடு 1895 என்று ஒரு தகடு வந்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கம்பெனியே 1908இல்தான் உருவானது. பித்தளையைப் பளபளவென்று தேய்க்கும் ஆசையையும் அடக்குங்கள். மங்கலான முத்திரைகள்தான் முதலில் அழியும்.

இதையெல்லாம்விடக் கனமான தவறு, பில் இல்லாமல் வாங்குவது. ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 இந்த விஷயத்தில் கடுமையானது. திருட்டுப் பொருள் என்று நியாயமான சந்தேகம் எழுந்த ரயில்வே சாமான் உங்களிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடம் அதற்கான காகிதம் இருக்கும். அதன் நகலும், இன்ன பொருள் என்று எழுதிய பில்லும் இல்லாமல் காயலான் கடையிலிருந்து எதையும் தூக்கிவராதீர்கள். "எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குக் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், எத்தனை வருடம் தேடிய பாகமாக இருந்தாலும். பழைய பாதையோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் கைகாட்டியும் ரயில்வேயின் சொத்துதான். வெளிநாட்டுச் சேகரிப்பாளரோடு மாற்றிக்கொள்ள நினைத்தால், நூறு ஆண்டு கடந்த பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடையாக வரலாம். அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்து விளக்கேற்றும் நாளில் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் வீடு தண்டவாளத்துக்கு அருகில் இருந்தால், மொட்டை மாடியில் நிற்கும் உங்கள் சிவப்போ பச்சையோ ஓடும் வண்டியின் ஓட்டுநர் கண்ணுக்குப் படக்கூடாது. கைகாட்டியைத் திருப்பி, வீட்டு முற்றத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள்.